துணைக்கு யார்?

நமது வீடுகளில் வைத்தியம் செய்துகொள்வதில் ஒரு வரிசைக் கிரமம் உண்டு. எந்தச் சாஸ்திரத்திலும் எழுதப்படாவிட்டாலும் எல்லா வீடுகளிலும் தவறாமல் அநுஷ்டிக்கப்படுவது அது. முதலில் குழந்தையின் ஜுரம். அடுத்தபடியாக வீட்டு எஜமானரின் பல்வலி. அதற்கப்புறம் பெரியவரின் மூட்டு வலியும் பெரியம்மாளின் கண் புரையும். மாடு வைத்திருக்கும் வீடாயிருந்தால், அது ஒரு வேளை தீனி தின்னவில்லை என்றவுடனே கால்நடை டாக்டருக்கு ஆள் போகிறது. இத்தனைக்கும் பிறகு நேரமும் பணமும் மீதியிருந்தால் வீட்டு எஜமானியின் முறை வரும். பெரும்பாலும் மீதியிருப்பதில்லை.

இதை வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போய்விடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளிலும் சரி, பெண்மணிகள் இதைக் கேட்டால், "எங்கள் வீட்டை எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதே!" என்று சிரிப்பார்கள். ஆனால் ஒரு வியாதியின் விஷயத்தில் மட்டும் இது சிரிக்கும் சமாசாரமாக இல்லை; உயிரை வாங்கும் சமாசாரமாக இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்பது அந்த வியாதியின் பெயர்.

பெயரைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் குடும்பப் பத்திரிகையில் இப்படிப்பட்ட விஷயத்தை எழுதலாமா என்று கேட்கக்கூடியவர்கள் உண்டு. குடும்பப் பத்திரிகையில்தான் எழுத வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால், இந்த நோயைத் தடுக்கும் மருந்தில் பாதி சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மற்றப் பாதி குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2022-ம் வருஷத்துக்குச் செய்த மதிப்பீட்டின்படி, அந்த ஒரே வருஷத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 ஸ்திரீகளுக்குப் புதிதாக இந்த நோய் கண்டது. ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். நாளொன்றுக்கு 200-க்கு மேற்பட்ட உயிர்கள்! கொள்ளை நோயாயிருந்தால் தேசமே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, சத்தமில்லாமல் நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

நிதானமான சத்துரு

எத்தனையோ புற்றுநோய்களுக்கு இன்னது காரணமென்று திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. இதற்குச் சொல்ல முடியும். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்ற நுண்ணிய கிருமிதான் காரணம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் ஸுர் ஹௌஸன் 1983-ம் வருஷத்தில் இந்தக் கிருமியின் 16-ம் வகையை இந்தப் புற்றுநோயில் கண்டுபிடித்தார்; அடுத்த வருஷமே 18-ம் வகையையும் கண்டார். உலகத்தில் இந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு இவ்விரண்டு வகைகளே காரணம். இந்த உண்மையை நிலைநாட்டியதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி தாம்பத்திய உறவின் மூலம் பரவுகிறது. இதைச் சொன்னவுடனே சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள். அது சுத்த அறியாமை. இல்லறம் நடத்துகிற ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஒரு தடவை இந்தக் கிருமி தொற்றத்தான் செய்கிறது. வந்தது தெரியாமலே வந்து, ஒன்றிரண்டு வருஷங்களில் போனது தெரியாமலே போய்விடுகிறது. ஒரு சிலரிடத்தில் மட்டும் அது போகாமல் தங்கிவிடுகிறது. ஆகவே நோய் வந்தவளைச் சந்தேகிப்பது, மழையில் நனைந்தவளைக் குற்றம் சொல்வதற்கு ஒப்பாகும்.

தங்கிவிட்ட கிருமியும் உடனே நோயாகிவிடுவதில்லை. முதலில் கருப்பை வாயிலுள்ள திசுக்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்த மாறுதல் புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாகப் பதினைந்து, இருபது வருஷங்கள் ஆகின்றன. இவ்வளவு நிதானமாக நடந்து வருகிற சத்துரு வேறு யார்? ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, படித்து, பட்டம் பெறுவதற்கு எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலம் அது நமக்கு அவகாசம் கொடுக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த அவகாச காலம் முழுவதும் வலி இல்லை, ஜுரம் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. மாதவிடாய்க்கு நடுவிலோ, தாம்பத்திய உறவுக்குப் பிறகோ, மாதவிடாய் நின்று வெகு நாளான பிறகோ உதிரம் காண்பதும், துர்நாற்றமுள்ள வெள்ளை படுவதும் அறிகுறிகள்தான்; அவை தோன்றும்போது பெரும்பாலும் அவகாசம் கழிந்துபோயிருக்கும். ஆகையால் உடம்பு நன்றாயிருக்கும்போதே போய்ப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

இங்கேதான் நமது பெண்மணிகள் தடுக்கி விழுகிறார்கள். "ஏன் அத்தை, ஆஸ்பத்திரியிலே முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கெல்லாம் பார்க்கிறார்களாமே, நானும் ஒரு தடவை போய் வரட்டுமா?" என்று மருமகள் கேட்டால், "உனக்கு என்னடி அம்மா வந்தது? குத்துக்கல் மாதிரி நன்றாய்த்தானே இருக்கிறாய்!" என்கிறாள் மாமியார். குத்துக்கல் மாதிரி இருப்பவர்களுக்காகத்தான் அந்தப் பரிசோதனை ஏற்பட்டிருக்கிறது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

சில நிமிஷப் பரிசோதனை

பரிசோதனை என்றதும் கத்தியும் மயக்க மருந்தும் நினைவுக்கு வருகின்றன. அப்படியொன்றும் இல்லை. மறைவான அறையில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருத்தி, ஒரு சிறு கருவியின் உதவியால் கருப்பை வாயைப் பார்க்கிறாள். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரையில் அசெட்டிக் அமிலம் கலந்த நீரை அதில் தடவி ஒரு நிமிஷம் காத்திருக்கிறாள். ஊறுகாயில் சேர்க்கும் வினிகரில் இருக்கும் அமிலம்தான் அது. மாறுதல் அடைந்த திசு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். சிறிது அசௌகரியம் இருக்கலாம்; படுத்துக் கிடக்க வேண்டியதில்லை; வீட்டுக்கு வந்து மத்தியானச் சமையலைக் கவனிக்கலாம்.

வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல. டாக்டர் பெரிதாக்கிக் காட்டும் கருவி மூலம் இன்னும் நன்றாகப் பார்ப்பார். தேவையானால் துளியளவு சதை எடுத்துச் சோதிக்க அனுப்புவார். மாறுதல் இருப்பது உறுதியானால் அந்த இடத்தை மட்டும் குளிரால் உறையச் செய்தோ, சூட்டால் சுட்டோ அழித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். பதினைந்து வருஷம் கழித்து வரக்கூடிய யமனை இப்படிச் சில நிமிஷங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம் என்றால் அதைவிட மலிவான வைத்தியம் வேறு என்ன?

மலிவு என்று கூடச் சொல்லக்கூடாது, இலவசம். தமிழ்நாட்டில் 2007-ல் தஞ்சாவூர், தேனி ஜில்லாக்களில் முன்னோட்டமாக ஆரம்பிக்கப்பட்ட இந்த ஏற்பாடு, பின்னர் மாகாணம் முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்துகொள்ளலாம். கடலூரில் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் சர்க்கார் காமராஜ் ஆஸ்பத்திரியும், அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. எங்கே போவது, எப்போது போவது என்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து கேட்கலாம். முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மத்திய சர்க்கார் 2016-ல் வகுத்த திட்டம். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்!

அப்படியிருந்தும் எத்தனை பேர் போகிறார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்போது முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுள்ள பெண்களைக் கேட்டார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 1.9 பேர், தமிழ்நாட்டில் 9.8 பேர். மற்றவர்களைவிட நாம் மேல் என்று மார்தட்டிக்கொள்வதா, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போகவில்லையே என்று வெட்கப்படுவதா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல் சொல்லும் கணக்கு

இந்தப் பரிசோதனையினால் உண்மையில் உயிர் பிழைக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் பதில் நமது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திண்டுக்கல் ஜில்லாவில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கியத்தாரும் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். 114 ஊர்த் தொகுதிகளை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுள்ள பெண்களை அழைத்து, நர்ஸுகளைக் கொண்டு மேலே சொன்ன பரிசோதனையைச் செய்தார்கள். மற்றப் பாதியில் வழக்கமான வைத்தியம் மட்டும். பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் காண்பது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்தன. லண்டனிலும் நியூயார்க்கிலும் அல்ல. கிராமாந்தரத்தில், நர்ஸுகளின் கையால், ஒரே ஒரு தடவை பார்த்ததில் கிடைத்த பலன் இது.

ஆனால் அந்தக் கணக்கில் நமது மனத்தை உறுத்துகிற எண்கள் வேறு. அழைக்கப்படத் தகுந்தவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். அதாவது, இலவசமாக, ஊருக்குப் பக்கத்திலேயே செய்தும் ஏறக்குறைய 18,000 பேர் வரவில்லை. வந்தவர்களில் 1,874 பேருக்குப் புற்றுநோய்க்கு முந்திய மாறுதல் இருப்பது தெரிந்தது. அவர்களில் சிகிச்சை பெற்றுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 72 பேர்தான். மற்ற ஐந்நூற்றுச் சொச்சம் பேர், தங்களுக்குள் ஆபத்து வளர்கிறது என்று கண்டறியப்பட்ட பிறகும், சிகிச்சை பெறாமல் இருந்துவிட்டார்கள்.

கருவிக்குக் குறைவில்லை, மருந்துக்குக் குறைவில்லை, பணம் கேட்பாரும் இல்லை. அப்படியிருக்க ஏன் இப்படி? இதற்குக் காரணம் தெரிந்துகொள்ளத் திண்டுக்கல்லுக்குப் போகவேண்டியதில்லை. நமது வீட்டுச் சமையலறைக்குப் போனால் போதும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிட முடியுமா? அவரிடம் எப்படிச் சொல்வது? யாராவது பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டால்? எல்லாவற்றுக்கும் மேலாக, துணைக்கு யார் வருவார்கள்?

புது ஊர், பழைய பயம்

இந்தக் கேள்வி எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். ஆயினும் பிறந்த ஊரைவிட்டு வேறு இடத்துக்குப் போனவர்களை அது இன்னும் பலமாக அழுத்துகிறது. சொல்லப்போனால், நமது நாட்டில் கல்யாணமான ஒவ்வொரு பெண்ணும் புலம் பெயர்ந்தவள்தானே? தாயாரும் தமக்கையும் பக்கத்திலிருந்தால் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். புகுந்த வீட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்ல நாக்கு எழும்புவதில்லை.

நாம் உபாத்தியாயத் தொழிலில் இருப்பதால் பல குடும்பங்களின் சுக துக்கம் நமக்குத் தெரிகிறது. நம்மிடம் படித்த ஒரு பெண்ணின் தாயார் தென் ஜில்லா ஒன்றிலிருந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் கடல் கடந்த தேசத்தில் சம்பாதித்துக்கொண்டிருந்தார். மாதவிடாய் நின்று மூன்று வருஷமான பிறகு அந்த அம்மாளுக்கு மறுபடி உதிரம் கண்டது. உடம்புச் சூடு என்று எண்ணி வெந்தயமும் மோரும் சாப்பிட்டார். மாமியார், "எல்லாருக்கும் வருகிறதுதான்" என்றார். கணவரிடம் டெலிபோனில் தினமும் பேசினார். இதைத் தவிர எல்லாவற்றையும் பேசினார். ஒரு வருஷம் சென்று, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள்தான் அவரை வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நோய் வெகு தூரம் பரவிவிட்டிருந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததைப் பார்க்க அந்த அம்மாள் இல்லை.

அந்த வீட்டில் கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. கணவர் அன்பானவர், மாமியார் கொடுமைக்காரி அல்ல. நேரத்தில் ஒருவர் எழுந்து, "வா, போய்வருவோம்" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இன்னும் சற்றுத் தூரம் பார்ப்போம். நமது ஜில்லாவில் கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த ஸ்திரீகளுக்கு ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையைப் படிக்கக் கூடத் தெரியாது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். இலங்கையில் மூண்ட யுத்தத்தால் வீடு வாசலை விட்டு வந்து, மறுவாழ்வு முகாம்களில் வருஷக்கணக்காக வாழ்கிற நமது சகோதரிகள் இருக்கிறார்கள். மறுபுறம், சிதம்பரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் கணவரோடும் பிள்ளைகளோடும் ஸிங்கப்பூருக்கும் பிரிட்டனுக்கும் கானடாவுக்கும் போய்க் குடியேறிய பெண்களும் இருக்கிறார்கள்.

அயல் நாட்டுக்குப் போனவர்கள் சகல சௌகரியங்களும் பெற்று நன்றாயிருப்பார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பிரிட்டனில் 25 வயதிலிருந்து 64 வயது வரையில் பெண்களுக்குச் சர்க்காரே பரிசோதனைக்கு அழைப்பு அனுப்புகிறது. ஸிங்கப்பூரில் 30 வயதானவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கிருமிப் பரிசோதனை செய்ய ஏற்பாடு உண்டு. ஆனால் கானடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெண்கள், அதிலும் தெற்காசியப் பெண்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே இந்தப் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று தெரிந்தது. பெண் டாக்டர் இல்லாதது அதற்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. இங்கிலீஷில் அழைப்புக் கடிதம் வருகிறது; மின்சாரக் கட்டணச் சீட்டோடு சேர்த்து அதையும் மேஜை அறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். புதிய ஊருக்குப் போனாலும் பழைய வெட்கமும் பழைய பயமும் பெட்டியோடு கூடவே வந்துவிடுகின்றன.

ஒரு குடியேறிய தம்பதியின் கதை

இந்த இடத்தில் ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். கருப்பை வாயைப் பரிசோதிக்கும் முறைகளில் உலகெங்கும் பெயர் பெற்றது பாப் பரிசோதனை. அது பிறந்ததே பிழைப்புத் தேடி அயல் நாடு போன ஒரு தம்பதியின் குடும்பத்தில்தான்.

ஜார்ஜ் பாப்பனிக்கலோ கிரீஸ் தேசத்து டாக்டர். 1913-ம் வருஷத்தில் அவரும் அவருடைய மனைவி ஆண்ட்ரோமக்கியும் நியூயார்க்கில் போய் இறங்கினார்கள். கையில் பணமில்லை, பாஷையும் சரியாகத் தெரியாது. டாக்டர் ஒரு பெரிய கடையில் கம்பளம் விற்றார். அவருடைய மனைவி அதே கடையில் பொத்தான் தைத்தார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. மனைவி ஊதியமின்றி அந்த ஆராய்ச்சிச் சாலையில் உதவிக்கு நின்றார். உதவி மட்டுமா? கணவர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்து ஆராய்வதற்கு வருஷக்கணக்காகத் தமது உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்து வந்தார். 1928-ல் டாக்டர் தமது கண்டுபிடிப்பை வெளியிட்டபோது கேட்பாரில்லை. 1941-ல் ஹெர்பர்ட் டிராட் என்னும் டாக்டரோடு சேர்ந்து மறுபடி வெளியிட்டார். 1943-ல் புத்தகமாகவும் எழுதினார். அப்புறம்தான் உலகம் கண் விழித்தது. அந்தப் பரிசோதனையை ஒழுங்காக நடத்திய தேசங்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

பரிசோதனைக்குக் கணவரின் பெயர் வாய்த்தது. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கொருவர் துணை நின்றிராவிட்டால் அந்தப் பரிசோதனையே ஏற்பட்டிராது.

நமது மண்ணின் தமக்கை

துணை நிற்கும் பெருமையை அறிந்துகொள்ள நியூயார்க் வரையில் போக வேண்டுமா? நமது கெடில நதிக் கரையிலேயே அதற்குக் கதை இருக்கிறது. பெரிய புராணம் சொல்வது அது. தாய் தந்தையரை இழந்த தம்பிக்காகவே உயிர் தாங்கி நின்றவர் திலகவதியார். அந்தத் தம்பிக்குப் பாடலிபுரத்தில், அதாவது நமது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், கொடிய சூலை நோய் கண்டது. அருகிலிருந்தவர்கள் செய்த வைத்தியம் பலிக்கவில்லை. தமக்கைக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அவர் காலில் விழுந்தார். அந்த அம்மையார் இத்தனை நாள் எங்கே போனாய் என்று விசாரணை நடத்தவில்லை. தம்பியை எழுப்பி, திருநீறு கொடுத்து, விடியற்காலையில் தாமே முன்னே நடந்து கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர்.

அன்று தமக்கை தம்பியை அழைத்துச் சென்றாள். இன்று தமக்கைமாரை அழைத்துச் செல்ல எத்தனை தம்பிமார்கள் தயாராயிருக்கிறார்கள்?

நமது காலத்துக்குக் கிட்டவும் ஒரு தமக்கை உண்டு. புதுக்கோட்டையில் பிறந்து, சென்னையில் வைத்தியப் படிப்பில் தேறி, 1927-ல் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினராக அமர்ந்து, 1930-ல் காந்தியடிகள் சிறைப்பட்டதற்காக அந்தப் பதவியை உதறியெறிந்தவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. 1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் வைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. முப்பது வருஷம் விடாமல் பாடுபட்டு, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் காலமாகும் வரையில் அந்த ஸ்தாபனத்துக்கே தம்மை அர்ப்பணம் செய்துவிட்டார். ஒரு குடும்பத்தின் துக்கத்தில் முளைத்த அந்த ஆஸ்பத்திரியில் இன்று எத்தனையோ குடும்பங்கள் ஆறுதல் பெறுகின்றன.

யார் யார் என்ன செய்யலாம்?

முதலில் புருஷர்களுக்கு. மனைவிக்கு முப்பது வயது நிறைந்துவிட்டதென்றால் இந்த விஷயத்தை நீங்களே எடுத்துப் பேசுங்கள். அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தால் அது ஒருநாளும் நடவாது. ஒரு நாள் லீவு போட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது கூடப் போய் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருங்கள். சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவும், கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் லீவு எடுக்கிறோம். இதற்கு எடுத்தால் குடி முழுகிவிடாது.

அடுத்தபடி மாமியார்களுக்கு. வீட்டில் உங்கள் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு எந்த டாக்டரின் வார்த்தைக்கும் இல்லை. நீங்கள் முதலில் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தால் மருமகளுக்கும் அண்டை வீட்டுக்காரிகளுக்கும் தானாகவே தைரியம் வந்துவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அமிலப் பரிசோதனையில் சரியாகத் தெரியாமல் போகலாம். வேறு விதப் பரிசோதனை செய்வார்கள். வயதாகிவிட்டது, இனி எனக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தாயாரைப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே அழைத்துக்கொள்கிறீர்கள், சந்தோஷம். விருந்தாளியாக வந்தவருக்கு அந்த நாட்டு இலவச வைத்தியம் பெரும்பாலும் கிட்டாது. ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே ஊரில் இந்தப் பரிசோதனையை முடித்துவிடச் சொல்லுங்கள். மனைவியின் பெயருக்கு வரும் அழைப்புக் கடிதத்தைப் பிரித்துத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதற்கு அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உட்பரிசோதனைக்குக் கூச்சப்படுகிறவர்கள் தாங்களே மறைவில் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறை கூட வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் எல்லாப் பெண்களுக்கும் அந்த வசதி கிடைக்கிறது.

நமது வீதியில் வந்து குடியிருக்கும் வெளிமாநிலப் பெண்ணுக்கு இங்கே மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர்களே அவளுக்குக் குடும்பம். இரண்டு வார்த்தை ஹிந்தி தெரிந்த நமது வீட்டு மணிகள் யாராவது அவளோடு ஒரு நாள் போய் வந்தால் அது ஒரு விரதம் நோற்ற புண்ணியத்துக்குச் சமானம். பாஷை பெயர்த்துச் சொல்லக் குழந்தைகளை அழைத்துப் போகாமல் இருப்பது நல்லது. தாயார் மகனை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் அல்ல இது.

துணை என்பதற்கும் அதிகாரம் என்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. உடம்பு அவளுடையது, சம்மதமும் அவளுடையதாக இருக்க வேண்டும். அறைக்குள் யார் வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும். பரிசோதனையின் முடிவையும் முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும்.

முடிவு தெரிந்த பிறகுதான் துணை மிகவும் தேவை. மாறுதல் இருக்கிறது என்று சொன்னவுடனே பெண்கள் இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் சீட்டைப் புடவை மடிப்புக்குள் ஒளித்துவிடுகிறார்கள். திண்டுக்கல்லில் சிகிச்சை பெறாமல் இருந்துவிட்ட ஐந்நூற்றுச் சொச்சம் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். "மறுபடி எந்தத் தேதிக்கு வரச் சொன்னார்கள்?" என்று வீட்டில் ஒருவர் கேட்டால் போதும், பாதி உயிர் காப்பாற்றப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் இன்னொரு கடமையும் உண்டு. இந்தக் கிருமியைத் தடுக்கும் ஊசி 2006 முதல் உலகத்தில் வழங்கிவருகிறது. இந்தியாவிலேயே தயாராகும் ஊசியும் இப்போது உண்டு. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டுக்கொள்வது உத்தமம். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மகளுக்கு ஊசி போட்டுவிட்டோம் என்று தாயார் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது. ஏற்கெனவே தங்கிவிட்ட கிருமியை ஊசி விரட்டாது. ஊசி போட்டுக்கொண்ட மகளும் முப்பது வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் நாற்பத்தைந்து கிலோ மீட்டர் தூரம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்திரா தரிசனத்துக்கும் பாட்டி முதல் பேத்தி வரையில் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போகிறோம். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு போகிறோம். ஆரம்ப சுகாதார நிலையம் அவ்வளவு தூரத்தில் இல்லை. அங்கே கூட்டமும் அவ்வளவு இராது. கையைப் பிடித்துக்கொண்டு போக ஒருவர் வேண்டும்.

இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் நேயர்கள் காலண்டரை எடுத்து ஒரு தேதியைக் குறித்துவிட வேண்டுமென்று விரும்புகிறோம். குறித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போய், "அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.